மாளிகை வகுக்கும் மணநாள்

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் பிரபுக்களும் பெருநிலக்கிழார்களும் தம் நிலபுலன்களின் நடுவே எழுப்பிய பெரிய வீடுகள் ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்ற பெயரால் அறியப்படுகின்றன. குத்தகை வருமானத்தை நம்பி நின்ற இவ்வீடுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விலை சரிந்தபோது முதல் அடியையும், இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின் மீது 1894இல் எஸ்டேட் வரி விதிக்கப்பட்டபோது இரண்டாம் அடியையும் வாங்கின. உச்ச அளவு 8 விழுக்காடு எனத் தொடங்கிய அவ்வரி 1919இல் 40 விழுக்காட்டை எட்டிவிட, வாரிசுகள் பலர் வீட்டை விற்றனர். வாங்க ஆளில்லாத வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் மரவேலைப்பாடும் கல்லும் தனித்தனியே விலைபோயின. இந்த அழிவையே பொருளாகக் கொண்டு லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1974இல் ஒரு கண்காட்சி நடத்தியது. தப்பிப் பிழைத்த மாளிகைகளில் பல, ஒழுகும் கூரையைச் செப்பனிடும் செலவை இன்று கல்யாண வாடகையிலிருந்துதான் திரட்டுகின்றன.

அந்த வாடகைக்கு வழி திறந்தது 1994ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம். தேவாலயத்திலோ பதிவுபெற்ற பிற வழிபாட்டிடத்திலோ பதிவாளர் அலுவலகத்திலோ மட்டுமே பொதுவாக மணம் முடிக்கலாம் என்றிருந்த நிலையை மாற்றி, உள்ளாட்சியின் ஒப்புதல் பெற்ற வேறு கட்டடங்களிலும் பதிவாளர் முன்னிலையில் மணம் செய்துகொள்ள அது இடமளித்தது; 1995 ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்தது. எனினும் இது சமயச் சார்பற்ற மணம் என்பதால் வேதவாசகமோ துதிப்பாடலோ அதில் இடம்பெற இயலாது. மணமக்கள் இருவரும் தத்தம் வட்டாரப் பதிவகத்துக்கு நேரில் சென்று முன்னறிவிப்புக் கொடுத்து, அதன்பின் முழுமையாக 28 நாள் கடந்திருக்கவும் வேண்டும். பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இத்தகைய மாளிகையில் தாலி கட்டும் சடங்கை நடத்தினாலும் சட்டத்தின் கண்ணில் அச்சடங்கு மட்டும் மணமாவதில்லை என்பதும், பதிவாளர் முன்னிலையிலான மணத்தைத் தனியே முடித்தாக வேண்டும் என்பதும் இதனால்தான். முகூர்த்த நேரமும் பதிவாளர் வரும் நேரமும் ஒத்துவராமல் போவது அக்குடும்பங்களுக்குப் புதிதன்று.

இத்தகைய பழைய மாளிகையில் நடக்கும் மணத்தின் அழைப்பிதழில் ‘வின்டேஜ்’ என்று பொறித்துவிடுவது எளிது. அதற்கு ஒரு பொருள் கொடுப்பதுதான் கடினம். திராட்சை அறுவடையைக் குறித்துப் பிறந்த இச்சொல், எந்த ஆண்டு அறுவடையில் விளைந்த மது என்பதைச் சொல்லப் பயன்பட்டு, பின்னர் கார்களுக்குத் தாவி, 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட வண்டிகளுக்குரிய பெயராயிற்று. ஆண்டைத் துல்லியமாகச் சுட்டப் பிறந்த சொல் இன்று பழையன எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது விந்தைதான். விக்டோரியா காலத்து மெழுகுவர்த்தித் தாங்கி, 1920களின் ஜாஸ் இசை, 1950களின் விரிந்த பாவாடை மூன்றையும் ஒரே கூடத்தில் குவித்தால் அது பழைய சாமான் கடையைத்தான் நினைவூட்டும். ஒரு பத்தாண்டைத் தேர்ந்து அதில் நிலைத்து நிற்பதே நயம். விக்டோரியா அரசி 1840இல் வெண்பட்டும் ஹானிடன் கைப்பின்னல் சரிகையும் அணிந்து மணந்த பிறகே வெள்ளை ஆடை மணப்பெண்ணின் அடையாளமாகப் பரவியது என்பதால், அக்காலத்தைத் தேர்பவருக்குப் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். இரண்டாம் உலகப்போர்க் காலம் கேட்பதோ வேறு விதமான எளிமை. 1940இல் கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சிடுவதை அரசு தடைசெய்தபோது, அடுக்கடுக்கான மணக்கேக் போல அட்டையிலும் சாந்திலும் செய்த வெள்ளை உறையை ரொட்டிக்கடையில் வாடகைக்கு எடுத்து, அதனடியில் ஒரு சிறிய பழக்கேக்கை மறைத்துவைத்து, படம் எடுத்து முடிந்ததும் உறையைத் திருப்பிக் கொடுத்தனர். அந்த அட்டைக் கேக்கை மேசையில் வைக்கும் துணிவுள்ள மணமக்களுக்குக் காகிதத் தோரணமும் வாடகைப் பொம்மைத் துப்பாக்கியும் தேவைப்படா.

வார இறுதி முழுவதும் விருந்தினர் தங்கியிருக்கும் வழக்கத்துக்கும் வரலாறு உண்டு. ரயில் பெருகியபின் நகரத்து நண்பர்கள் சனிக்கிழமை வந்து திங்களன்று திரும்பும் விருந்துகள் மாளிகைகளில் வழக்கமாயின. ‘வீக்கெண்ட்’ என்ற சொல் கொச்சையாகக் கருதப்பட்டதால் மேல்தட்டினர் அதைச் ‘சனி முதல் திங்கள்’ என்றே வழங்கினர். இன்றைய கணக்கில் அது வெள்ளி மாலையில் எளிய இரவுணவு, சனியன்று மணம், ஞாயிறன்று தாமதமான காலையுணவும் தோட்ட நடையும் என்றாகிறது. இவற்றுள் திட்டமிட வேண்டியது சனிக்கிழமை மட்டுமே. மற்ற இரு நாளும் விருந்தினரை அவர்கள் போக்கில் விடுவது நல்லது. மணநேரத்தைக் குறிப்பதிலும் பழைய முறை கைகொடுக்கும். காலை 8 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் மணம் நடக்கலாம் என்றிருந்த கட்டுப்பாடு 1886இல் பிற்பகல் 3 மணி வரையும் 1934இல் மாலை 6 மணி வரையும் தளர்த்தப்பட்டது. மணம் முடிந்து உண்ணும் விருந்து, எந்நேரத்தில் பரிமாறப்பட்டாலும் ‘வெடிங் பிரேக்ஃபாஸ்ட்’, அதாவது மணக் காலையுணவு, என்றே இன்றும் அழைக்கப்படுவது அந்தக் காலை மணங்களின் எச்சம். ஆகவே 1920களை மெய்யாகவே கொண்டாட விரும்புவோர் 3 மணிக்குள் மணத்தை முடித்துவிடுவது பொருத்தம்.

இனி வீட்டின் சொல்லைக் கேட்க வேண்டும். இம்மாளிகைகளுள் பெரும்பாலானவை ‘பட்டியலிடப்பட்ட கட்டடங்கள்’, அதாவது சிறப்பு வரலாற்று மதிப்புக்காகச் சட்டக் காப்பில் உள்ளவை. அனுமதியின்றி அவற்றின் இயல்பு மாறும்படி கை வைப்பது குற்றம் என்பதால், பூச்சரம் தொங்கவிட ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார்கள். ஊசிக் குதிகால் செருப்புக்குத் தடை விதிப்பதைப் பிடிவாதம் என்று நினைப்பவர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள குதிகாலில் ஊன்றும் கணத்தில் அத்தனை எடையும் அந்தப் புள்ளியில் இறங்குகிறது. அகன்ற பாதம் கொண்ட யானைகூடத் தரையை அவ்வளவு அழுத்துவதில்லை. லில்லிப் பூவின் மகரந்தம் துணியில் பட்டால் கறை போகாது என்பதால் பூக்காரர் மகரந்தப்பைகளைக் கிள்ளிவிட்டே கொண்டுவர வேண்டும். மெழுகுவர்த்திச் சுடரைப் பல மாளிகைகள் உள்ளே அனுமதிப்பதில்லை. ஓமம் வளர்க்க விரும்பும் குடும்பங்கள் தோட்டத்துப் பந்தலையோ புல்வெளியையோ முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்வது அவசியம்.

பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த மணஆடைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பட்டு நூலிலிருந்து பசையை நீக்கும்போது குறையும் எடையை ஈடுகட்ட, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதையடுத்த சில பத்தாண்டுகளிலும் ஆலைகள் அதை வெள்ளீய உப்புக் கரைசலில் தோய்த்தன; ‘எடையேற்றிய பட்டு’ எனப்படும் அத்துணி, பெட்டியில் மடித்தபடியே இருந்தாலும் மடிப்பு வழியே கண்ணாடிபோல விண்டு கிழியும். நிற்கும்போது முழுதாகத் தெரியும் ஆடை உட்காரும்போது பிளந்துவிடக்கூடும் என்பதால், பழைய ஆடையைக் காட்சிக்கு வைத்துவிட்டு அதன் வெட்டைப் பின்பற்றிப் புதுத்துணியில் தைத்து அணிவதே அறிவுடைமை.

முன்பணம் கட்டுவதற்கு முன் மாளிகை நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டியது அதன் தடைப் பட்டியலைத்தான். அதைப் படித்து முடித்த பிறகு ஆடைக்கும் அலங்காரத்துக்கும் பணம் ஒதுக்கினால் போதும்.