ஆறாத புண்ணும் ஈரம் காக்கும் ஜெல்லும்

சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் காலில் முள் குத்துகிறது. அவருக்கு வலி தெரிவதில்லை. செருப்பு கடிக்கிறது. அதுவும் தெரிவதில்லை. சில நாளில் அந்த இடம் புண்ணாகிறது. வாரக்கணக்கில் ஆறாமல் நிற்கிறது.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்த ஆய்வு 2023-இல் இதைச் சொன்னது.

புண் ஏன் ஆறுவதில்லை?

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் நரம்புகள் கெடும். காலில் உணர்ச்சி குறையும். இரத்தக் குழாய்களும் அடைபடும். புண் ஆறத் தேவையான இரத்தம் வந்து சேராது. கிருமிகள் பெருகும். கவனிக்காவிட்டால் காலையே எடுக்க நேரிடலாம்.

புண்ணைக் காய விடலாமா?

புண் காய்ந்தால்தான் ஆறும் என்று பலர் நினைக்கிறார்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற இங்கிலாந்து அறிஞர் இதைச் சோதித்தார். பன்றிகளின் தோலில் இருந்த காயங்களை ஆராய்ந்தார். ஈரம் காத்த காயத்தில் புதுத்தோல் சீக்கிரம் வளர்ந்தது. காய்ந்து பொருக்குத் தட்டிய காயத்தில் தாமதமானது. ஆகவே அளவான ஈரம் நல்லது. ஆனால் புண்ணைத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது.

ஜெல் என்பது என்ன?

சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் அதைச் சுற்றி வழவழப்பாக ஒன்று உண்டாகும். அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஹைட்ரோஜெல்லும் அது போன்றதுதான். இந்த ஜெல்லை வைத்துப் புண்ணுக்குக் கட்டுப் போடும் முறை மருத்துவமனைகளில் இப்போதே உண்டு.

சில புண்கள் கிணறு போல ஆழமாக இருக்கும். மேலே போடும் கட்டு அடிவரை எட்டாது. இதற்காக அறிஞர்கள் ஊசிக் குழல் வழியாக விடும் ஜெல்லை உருவாக்கி வருகிறார்கள். குழலில் அது நீர் போல இருக்கும். சிலவகை ஜெல், உடல் சூடு பட்டதும் கெட்டியாகிவிடும். குழியின் மூலை முடுக்கெல்லாம் நிரப்பும். அதில் கலந்த மருந்து மெல்ல மெல்லக் கசியும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளிலும் இதைச் செய்கிறார்கள். இத்தகைய ஜெல்கள் பெரும்பாலும் சோதனை நிலையில் உள்ளன.

ஜெல் மட்டும் போதுமா?

போதாது. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். அழுகிய சதையை மருத்துவர் நீக்க வேண்டும். புண் உள்ள காலை ஊன்றி நடக்கக் கூடாது. இரத்த ஓட்டத்தையும் சோதிக்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை:

தினமும் கால்களைப் பாருங்கள். உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலுடன் நடக்காதீர்கள். புண்ணில் சுண்ணாம்பு, காபித்தூள் வைக்காதீர்கள். சிறு புண் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கம், துர்நாற்றம், கருமை, காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வலி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணக் கூடாது.