வேலூருக்கு வந்த குதிரைப் பட்டாளம்

இங்கிலாந்து தேசத்தார் தங்கள் பட்டாளங்களின் சரித்திரத்தைப் பேணுவதில் மிகுந்த சிரத்தை உடையவர்கள். எந்தப் பட்டாளம் எந்த ஆண்டில் திரட்டப்பட்டது, எந்தப் போரில் எந்த விருதைப் பெற்றது என்பதையெல்லாம் குலமுறை கூறுவதுபோல் எழுதி வைத்திருக்கிறார்கள். அச்சரித்திரங்களுள் சில நமது சரித்திரமும் ஆகும். 19-வது இலகு டிராகூன் என்னும் குதிரைப் பட்டாளத்தின் கதை அத்தகையது.

1781-ஆம் ஆண்டில் ஸர் ஜான் பர்கோயின் என்பவர் இப்பட்டாளத்தைத் திரட்டினார். அப்பொழுது அதற்கு 23 என்பது எண். 1786-இல்தான் 19 ஆயிற்று. ஹைதர் அலியின் குதிரைப்படையைக் கண்டு கும்பினியார் கதிகலங்கியிருந்த காலம் அது. ஆகவே 1782-இல் பட்டாளம் சென்னைக்கு வந்து இறங்கியது. இங்கிலாந்து மன்னரின் குதிரைப் பட்டாளங்களுள் இந்திய மண்ணை முதலில் மிதித்தது இதுவே. அதனைத் திரட்டிய பர்கோயின் 1785-இல் சென்னையிலேயே காலமானார்.

1790 செப்டம்பரில் சத்தியமங்கலத்தருகே, பவானி நதி தீரத்தில், கர்னல் பிளாய்டின் கீழ் இப்பட்டாளம் திப்பு சுல்தானின் குதிரை வீரர்களுடன் பொருதது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த யுத்தத்திலும் பங்கு கொண்டது. 1803 செப்டம்பர் 23-ஆம் தேதி அஸ்ஸாயே என்ற கிராமத்தருகே மராட்டியருடன் நிகழ்ந்த போர்தான் அதற்குப் பெரும் புகழைத் தந்தது. பீரங்கிக் குண்டுகளுக்கு இரையாகி அழியவிருந்த 74-வது ஸ்காட்லாந்துக் காலாட்படையை இவர்களது பாய்ச்சல் காப்பாற்றிற்று. கர்னல் மாக்ஸ்வெல் அப்போரில் மாண்டார். வெற்றியின் அடையாளமாக யானைச் சின்னம் கிடைத்தது. அன்று இவர்களுக்குத் தோளோடு தோளாகப் பாய்ந்தது சென்னைக் குதிரைப்படையின் 4-வது ரெஜிமெண்டு. மாக்ஸ்வெல்லின் பெயரை அறிவோம். நம் நாட்டுச் சவாரிகளில் ஒருவர் பெயரையாவது நம் இல்லங்களில் யாரேனும் அறிவார்களா?

நிற்க. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதிக்கு வருவோம். நெற்றிக் குறி இடலாகாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழித்துவிட வேண்டும், புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சென்னைச் சேனாதிபதியின் உத்தரவு பிறந்திருந்தது. தோல் சின்னம் வைத்த அத்தலைப்பாகை, ஹிந்துக்கள், முஸ்லிம்கள் ஆகிய இருவர் மனத்தையும் ஒருங்கே புண்படுத்திற்று. மறுத்தவர்களுக்குக் கிடைத்தது கசையடி. வேலூர்க் கோட்டையிலோ திப்புவின் புதல்வர்கள் காவலில் இருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். கர்னல் பான்கோர்ட் உட்பட ஆங்கிலேயர் பலர் மாண்டனர். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறிற்று.

பதினாறு மைல் தூரத்தில் ஆர்க்காட்டில் தங்கியிருந்தது நமது 19-வது பட்டாளம். செய்தி எட்டியதும் கர்னல் கில்லெஸ்பி சிறிதும் தாமதியாமல் புறப்பட்டார். சிலருடன் முன்னதாக வந்து, கயிற்றைப் பற்றி மதிலில் ஏறி, எஞ்சியிருந்த 69-வது காலாட்படையினரைத் திரட்டினார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்தன. குதிரைகள் உள்ளே புகுந்தன. ஒற்றுமையுடன் எழுந்த சிப்பாய்கள், சூறையில் மனம் சிதறித் தலைமையின்றி நின்றமையால், சில நாழிகைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரண்மனைக்குள் ஒளிந்த ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அன்று மடிந்த சிப்பாய்கள் முந்நூற்றைம்பது பேர் என்றும், அதனினும் பன்மடங்கு என்றும் சொல்லப்படுகிறது. பின்னர் விசாரணை நடந்தது. சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள்.

இதில் நம் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. கில்லெஸ்பியுடன் ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்கள் வெள்ளையர் மட்டும் அல்லர். சென்னைக் குதிரைப்படையைச் சேர்ந்த நம்மவரும் உடன் வந்தனர். அந்நியனுடைய வாளுக்குக் கூர்மை தந்தது எது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ?

துரைத்தனத்தார்கூடத் தவற்றை உணராமல் இல்லை. புதிய உத்தரவு ரத்தாயிற்று. கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கில்லெஸ்பி 1814-இல் டேராடூன் அருகே கலுங்காக் கோட்டையில் கூர்க்கர்களின் குண்டுக்கு இரையானார். பட்டாளமோ தாய்நாடு திரும்பி, பின்னர் கனடாவில் போரிட்டு, 1821-இல் கலைக்கப்பட்டது. 1857-க்குப் பின், கும்பினியின் வங்காள வெள்ளைக் குதிரைப்படையிலிருந்து உருவான 19-வது ஹுஸார் பட்டாளம் அதன் எண்ணையும் விருதுகளையும் சுவீகரித்துக் கொண்டது.

அவ்விருதுகளில் அஸ்ஸாயே உண்டு, நயாகரா உண்டு, வேலூர் இல்லை. அன்னியர் விருதாகப் பொறிக்காத அப்பெயரை நினைவில் பொறிக்க வேண்டிய கடமை நம்முடையது. 2006-இல், இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, இந்திய அரசு அதற்குத் தபால் தலை வெளியிட்டது. ஆயினும் கடமை தபால் தலையோடு தீர்ந்துவிடுமா? ஜலகண்டேசுவரரைத் தரிசிக்க வேலூர்க் கோட்டைக்குச் செல்வோர், திரும்பும்போது அந்த மதிலையும் சற்று நின்று பார்ப்பாராக. அருகில் குழந்தைகள் இருப்பின், இக்கதையை முழுவதும், நம்மவர் பிழையையும் விடாமல், அவர்களுக்குச் சொல்வாராக.