ஒரே சொற்றொடர், இருவேறு தீர்ப்புகள்

இந்திய அரசியல் சாசனத்தின் பொருள் குறித்து முக்கியமான கேள்வி எழும் வழக்கை உச்ச நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்க வேண்டும் என்று சாசனத்தின் 145ஆவது பிரிவு கூறுகிறது. இதுவே அரசியல் சாசன அமர்வு. பெரும்பான்மையினரின் கருத்தே தீர்ப்பாகும் என்று வகுக்கும் அந்தப் பிரிவு, உடன்படாத நீதிபதி தமது மாறுபட்ட தீர்ப்பை வழங்கத் தடையில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

ஒரே வாதங்களைக் கேட்ட நீதிபதிகள் எதிரெதிர் முடிவுக்கு வரும்போது, அவர்களுடைய அரசியல் சார்பே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அதில் சில வேளைகளில் உண்மை இருக்கலாம். ஆயினும் தீர்ப்புகளைப் பொறுமையாக வாசிப்பவருக்கு, சாசனத்தின் ஒரு சொல்லை எவ்வளவு தூரம் விரித்துப் பொருள் கொள்ளலாம் என்பதிலேயே பெரும்பாலான பிளவுகள் தொடங்குவது புலப்படும்.

சாசனம் நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே இதற்குச் சான்று கிடைத்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், குற்ற விசாரணையின்றி முன்கூட்டியே ஒருவரைச் சிறையில் வைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்துச் சென்னை மாநில அரசின் மீது தொடுத்த வழக்கு அது. 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை'யின்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்று 21ஆவது பிரிவு கூறுகிறது. இதில் 'சட்டம்' என்பது சட்டமன்றம் இயற்றியது மட்டுமா, அல்லது நியாயமானதாகவும் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. தமிழகத்தைச் சேர்ந்த பதஞ்சலி சாஸ்திரி உள்ளிட்ட பெரும்பான்மை நீதிபதிகள், இயற்றப்பட்ட சட்டம் என்றே பொருள் கொண்டனர். அமெரிக்க சாசனத்தில் உள்ள, நீதிமன்றங்களுக்குப் பரந்த அதிகாரம் தரும் சொற்றொடரை அரசியல் நிர்ணய சபை ஆராய்ந்தபின் தெரிந்தே கைவிட்டது என்பதால், அவர்களுடைய வாசிப்பை வலுவற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. நீதிபதி ஃபசல் அலியோ, முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான தீர்ப்பாளர் ஆகிய இயற்கை நீதிக் கூறுகளும் அச்சொல்லுக்குள் அடங்கும் என்று எழுதி மாறுபட்டார். 28 ஆண்டுகளுக்குப் பின், 1978இல், மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தபோது, ஃபசல் அலி சென்ற திசையே சட்டமாயிற்று. அந்த அமர்விலும் கருத்து ஒருமித்ததாக இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி பி.எஸ். கைலாசம் பெரும்பான்மையோடு மாறுபட்டார்.

நெருக்கடி நிலைக் காலத்தில் இதே 21ஆவது பிரிவு மேலும் கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று. அப்பிரிவைச் செயல்படுத்தக் கோரி நீதிமன்றம் செல்லும் உரிமையைக் குடியரசுத் தலைவரின் ஆணை நிறுத்திவைத்திருக்கையில், காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனுவை ஏற்கலாமா என்ற வினாவுக்கு, ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கைதிகளுக்குச் சாதகமாகவே விடையளித்திருந்தன. மேல்முறையீட்டு விசாரணையில், ஒரு காவல்துறை அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்க, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்ற பொருளில் அரசின் தலைமை வழக்குரைஞர் பதிலளித்தார். 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் வாதத்தை ஏற்றனர். உயிர் வாழும் உரிமை 21ஆவது பிரிவால் உண்டானதன்று, சாசனத்துக்கு முன்பே இருந்து வருவது. ஆகவே அப்பிரிவு முடக்கப்பட்டாலும் சட்டத்தின் துணையின்றி உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று கன்னா ஒருவரே எழுதினார்.

ஒரு நீதிபதியின் நேர்மைக்கு இதைவிடக் கடினமான சோதனையைச் சொல்வது அரிது. பணிமூப்பின்படி தலைமை நீதிபதியாக வேண்டிய அவரை விடுத்து, 1977 ஜனவரியில் பெரும்பான்மைத் தரப்பில் இருந்த எம்.எச். பெக் நியமிக்கப்பட, கன்னா பதவி விலகினார். நெருக்கடி நிலையிலும் 21ஆவது பிரிவை முடக்க இயலாதவாறு 44ஆவது சாசனத் திருத்தம் 1978இல் நிறைவேறியது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு பிழையானது என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக அறிவித்ததோ 2017இல், தனியுரிமை வழக்கில்தான். அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட்; பிழை எனப்பட்ட பெரும்பான்மைத் தீர்ப்பில் பங்கேற்ற நால்வருள் ஒருவர் அவருடைய தந்தை ஒய்.வி. சந்திரசூட்.