ஜீப்பை உயர்த்தத் தில்லியில் பட்டறை தேடுவோர் கவனிக்க வேண்டியவை: சட்டம் சொல்வது என்ன, இரும்பு சொல்வது என்ன?

புது தில்லி: மஹிந்திரா தார், ஃபோர்ஸ் குர்கா, மாருதி ஜிம்னி, இசுஸு வி-கிராஸ் போன்ற நான்கு சக்கர இயக்க வாகனங்களை வாங்குவோர் பலருக்கும் முதலில் எழும் விருப்பம், வண்டியைத் தரையிலிருந்து இன்னும் சற்று உயர்த்த வேண்டும் என்பதே. ஸ்பிதி, லடாக் பயணங்களுக்குப் பலரும் புறப்படும் நகரமான தில்லியில் இந்த வேலையைச் செய்து தரும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால், எவ்வளவு மாற்றலாம், யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காதவர்கள் அபராதம், காப்பீட்டுச் சிக்கல் ஆகியவற்றுடன், மலைச்சரிவில் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும் அபாயத்தையும் எதிர்கொள்ள நேரிடும்.

சட்டத்தின் எல்லை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதற்கு உரிமையாளருக்குத் தடை விதிக்கிறது. அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பில் செய்யப்படுவதே 'மாற்றம்' என்றும் அப்பிரிவு விளக்குகிறது.

இப்பிரிவு தொடர்பாகக் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாநில விதிகள் மத்திய சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று கூறிய நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, அடிப்படை அம்சங்களைப் பாதிக்காத நிற மாற்றம், சிறிய பொருத்தல்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே இடமளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை இதன் பொருள் என்ன? தேய்ந்த ஷாக் அப்சார்பரையோ ஸ்பிரிங்கையோ அதே அளவில் மாற்றுவது பழுதுபார்ப்பு மட்டுமே. சேசிஸை வெட்டுவது, அச்சுகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டுவது, வேறொரு வாகனத்தின் அச்சைப் பொருத்துவது ஆகியவை கட்டமைப்பு மாற்றங்கள் என்பதில் ஐயமில்லை. போல்ட் மூலம் மட்டும் பொருத்தப்படும் இரண்டு அங்குல உயர்வு இவற்றுக்கு இடைப்பட்டது. அது சோதனையிடும் அதிகாரியின் விளக்கத்தைப் பொறுத்தே அமைகிறது. எனவே, 'ஆர்டிஓ பிரச்சினை எதுவும் வராது' என்று பட்டறைக்காரர் வாய்மொழியாக அளிக்கும் உறுதிக்கு மதிப்பில்லை. பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர்தான்.

பழைய ஜிப்சியையோ டீசல் ஜீப்பையோ வாங்கிப் புதுப்பிக்க எண்ணுவோர் மற்றொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடக் கூடாது என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025-இல் இதில் இடைக்கால மாற்றங்கள் வந்துள்ளதால், பணம் செலவிடும் முன் அந்த வாகனத்துக்குத் தற்போது பொருந்தும் உத்தரவைச் சரிபார்ப்பது அவசியம்.

எங்கே தேடுவது?

திருச்செங்கோட்டில் ரிக் வண்டியும் நாமக்கல்லில் லாரி கூண்டும் கட்டும் பட்டறைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரே வளாகத்தில் எல்லா வேலையும் முடியும் என்ற எண்ணம் இருக்கும். தில்லியில் இந்த வேலை நகரெங்கும் சிதறிக் கிடக்கிறது. உதிரிபாகங்களின் மொத்தச் சந்தை கஷ்மீரி கேட்டில் உள்ளது. லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளைச் சீரமைப்போரை வடக்கே சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் காணலாம். ஸ்பிரிங் பட்டையை இங்கு 'கமானி' என்றும், கடைசல் வேலையை 'கராத்' என்றும் கேட்டால்தான் வழி சொல்வார்கள். வெல்டிங், லேத் பட்டறைகள் மாயாபுரி, ஓக்லா தொழிற்பேட்டைகளில் உள்ளன.

மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் கிடைக்கும் அச்சுகளும் பட்டைகளும் மலிவானவை. ஆனால், அவை எந்த விபத்தில் சிக்கிய வாகனத்திலிருந்து வந்தவை என்பது விற்பவருக்கே தெரிந்திருக்காது. 2010-இல் தில்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட ஆய்வுக் கருவியிலிருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுப் பொருள் இதே சந்தையை வந்தடைந்து, ஒருவரின் உயிரைப் பறித்தது. அது மிக அரிதான நிகழ்வு எனினும், பழைய இரும்பின் பூர்விகத்தை யாரும் விசாரிப்பதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

பட்டறையிடம் கேட்க வேண்டியவை

நல்ல பட்டறையை அதன் கேள்விகளைக் கொண்டே அடையாளம் காணலாம். வண்டியில் வழக்கமாக எவ்வளவு எடை ஏற்றப்படும், கூரை மேல் கூடாரம் உண்டா, டயரின் அளவு என்ன என்பதை விசாரிக்காமல் நேரடியாக 'இரண்டு அங்குலமா, நான்கு அங்குலமா' என்று கேட்கும் இடத்தில் ஸ்பிரிங்கின் கடினத்தன்மை கணக்கிடப்படுவதில்லை.

உயரம் கூடும்போது மாறுவது உயரம் மட்டுமன்று. ஜிம்னி போல முன்புறத்திலும் முழு அச்சு உள்ள வாகனத்தை நீளமான ஸ்பிரிங்கால் உயர்த்தினால் அச்சு சற்றுத் திரும்புகிறது. திருப்பிய ஸ்டீயரிங்கைத் தானாக நேர்நிலைக்குக் கொண்டுவரும் காஸ்டர் கோணம் குறைகிறது. இதனால் நெடுஞ்சாலையில் வண்டி இருபுறமும் அலையும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பான்ஹார்டு தண்டு, அச்சை ஒரு பக்கமாக இழுத்துவிடும். 2020-க்குப் பிந்தைய தார் போல முன் சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் வாகனத்தில் பாதிப்பு வேறு விதமானது: சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் இணைப்புகள் அதிகக் கோணத்தில் இயங்குவதால் அவற்றின் ரப்பர் உறைகள் விரைவில் கிழியும். இவற்றை எவ்வாறு சரிசெய்வீர்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத பட்டறையைத் தவிர்ப்பதே நல்லது.

பிரேக் குழாயின் நீளம் அடுத்த கேள்வி. சக்கரம் முழுவதுமாகக் கீழே தொங்கும் நிலையில் குழாய் விறைத்து நின்றால், ஒரு பள்ளத்தில் அது அறுந்துபோக வாய்ப்புண்டு. வண்டியைத் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிக் காட்டுமாறு கேட்கலாம். இதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

எதில் சமரசம் கூடாது என்பதற்கும் வரையறை உண்டு. ஸ்பிரிங் பட்டையில் வெல்டிங் செய்யக் கூடாது. வெப்பம் பட்ட இடத்தில் எஃகு தன் பதத்தை இழந்து, வெல்டிங்கை ஒட்டியே முறியும். ஸ்டீயரிங் தண்டுகளைச் சூடாக்கி வளைத்து நிமிர்த்துவதும் அப்படியே. பட்டையுள்ள முன் அச்சில் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து உயர்த்தும் குறுக்கு வழியை அறவே நிராகரிக்க வேண்டும். கழற்றிய யூ-போல்ட்டுகளை மீண்டும் முடுக்குவதும் கூடாது; முதல்முறை முடுக்கும்போதே அவை இழுபட்டிருக்கும்.

புதிய தாங்கு கம்பிகளைப் பட்டறையே தயாரிப்பதாக இருந்தால், அவை தையலற்ற குழாயால் ஆனவையா என்பதையும் வெல்டிங்கைச் சாயச் சோதனைக்கு உட்படுத்துவார்களா என்பதையும் கேட்க வேண்டும். வெல்டிங்கின் மீது சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, வெண்பூச்சு அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். செலவு குறைந்த இச்சோதனையைக்கூடத் தேவையற்றது என்று தட்டிக்கழிக்கும் இடத்தில் உயிரை ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது.

புதிய வாகனங்கள், மானேசரில் உள்ள ஐகேட் போன்ற மையங்களில் சோதிக்கப்பட்டு அனுமதி பெற்ற பின்னரே விற்பனைக்கு வருகின்றன. உயர்த்தப்பட்ட வண்டிக்கு அத்தகைய சோதனை எதுவும் நடப்பதில்லை. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம்.

வண்டியைத் திரும்பப் பெறும்போது

ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் எடையுடன் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக முடுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய நிலையில் முடுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும். சக்கர நேரமைப்பின் அச்சிட்ட அறிக்கை, பொருத்திய பாகங்களின் ரசீது ஆகியவற்றைப் பெற்ற பின்னரே முழுத் தொகையையும் செலுத்துவது நல்லது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் முடுக்கித் தர வேண்டும் என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

கழற்றிய அசல் ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் பெரும்பாலானோர் பட்டறையிலேயே விட்டுவிடுகிறார்கள். அதிகாரிகள் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னாலோ வண்டியை விற்க நேர்ந்தாலோ முதலில் தேவைப்படுபவை அவையே. பெயர்ச்சீட்டு ஒட்டி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இடம் அதிகம் பிடிக்காது.