வேர்க்காத உயிர்களும் வெயிற்காலமும்

சித்திரையின் பிற்பகுதியில் தொடங்கி வைகாசியின் நடுப்பகுதிவரை நீளும் கத்திரி வெயிலில், பெரம்பலூர் மாவட்டத்து எறையூர்ப் பக்கம் ஒரு நண்பகலில் நின்று பார்த்தவர்க்குக் கோடை என்னும் சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு தரும் பாசன வயல்களை விட்டுச் சற்று விலகினால், பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்து ஓய்ந்த மானாவாரிக் காடுகள் வெறுந்தரையாய்க் கிடக்கும். நிழலிலேயே வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டும். அவ்வேளையில் மனிதன் திண்ணையில் ஒதுங்கி, மேல்துண்டால் முகத்து வேர்வையைத் துடைத்துக் கொள்கிறான். அவனை நம்பி வாழும் நாயும் ஆடும் கோழியும் அவ்வாறு வேர்க்க வல்லன அல்ல. பின் அவை எவ்வாறு உயிர் தரிக்கின்றன?

முதலில் நம் உடலையே எடுத்துக் கொள்வோம். நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி. வெப்பம் எப்பொழுதும் சூடு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே பாயும். ஆகவே, காற்றின் வெப்பம் 40 டிகிரியாக இருக்கும்பொழுது அது நம்மைக் குளிர்விப்பதில்லை, மாறாகச் சுடவைக்கிறது. அந்நிலையில் நமக்கு எஞ்சியுள்ள வழி ஒன்றே. தோலின்மேல் உள்ள நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்பொழுது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கவர்ந்து செல்கிறது. மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இதே முறையால்தான்.

நாய்க்கு உள்ளங்கால்களில் மட்டுமே பயன்படத்தக்க வேர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவ்வளவு சிறிய பரப்பால் உடல் முழுதும் குளிர்வது எங்ஙனம்? ஆதலின் அது தன் நாக்கையும் வாயையும் மூக்கின் உட்புறத்தையும் தோலுக்கு ஈடாகப் பயன்படுத்துகிறது. ஓய்ந்திருக்கும்பொழுது நிமிடத்துக்கு முப்பது முறைக்கும் குறைவாக மூச்சு விடும் நாய், வெயிலில் முந்நூறு முறைக்கு மேலும் இரைக்கும். இவ்வளவு விரைந்து மூச்சு விடுவதே உடலைச் சூடேற்றாதோ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால் சிறு விரலே போதும். மாறித் தள்ளினால் தோள் நோகும். நாயின் மார்புக்கூட்டுக்கும் அவ்வாறே இயல்பான ஓர் அசைவு வேகம் உண்டு. அந்த வேகத்திலேயே நாய் இரைக்கிறது என்று கிராபோர்டு என்னும் அறிஞர் 1962-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். அதனால் அதற்கு உழைப்பு மிகக் குறைவு.

கோழிக்கு வேர்வைச் சுரப்பி அறவே கிடையாது. அதன் உடல் வெப்பம் 41 டிகிரிக்கும் மேற்பட்டது. ஆகையால் இடர் எல்லைக்கு மிக அருகிலேயே அது எப்பொழுதும் வாழ்கிறது. வெயில் ஏறியதும் அலகைத் திறந்து, சிறகுகளை உடலைவிட்டு அகற்றித் தொண்டைத் தோலைப் படபடவென்று அசைக்கும். இவ்வாறு இடைவிடாது இரைக்கும்பொழுது இரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதற்கு வேண்டிய கார்பனேட்டுக்கு அவ்வாயுவே மூலம். ஆகவே கோடையில் ஓடு மெலிந்த முட்டைகள் வருகின்றன. தீனியில் குறை என்று எண்ணிக் கடைக்காரரோடு வழக்காடுவோர் பலர். காரணமோ பெரும்பாலும் கூரையில் இருக்கிறது.

எருமையின் செய்தி தனி. பசுவுக்கு உள்ள வேர்வைச் சுரப்பிகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே அதற்கு உண்டு. தோலோ கறுப்பு, மயிரும் அடர்த்தியில்லை. அது சேற்றில் புரள்வதைச் சோம்பல் என்று பழிப்பது பிழை. நீர் விரைவில் உலர்ந்துவிடும். சேறோ நெடுநேரம் ஈரம் காத்து உலரும். எருமை தனக்கு இல்லாத வேர்வையைக் குட்டையிலிருந்து கடன் வாங்குகிறது. குட்டை வற்றிய ஊரில், பகலில் இரண்டு மூன்று முறையேனும் அதன்மேல் நீர் ஊற்றியாக வேண்டும்.

இப்பகுதிக்கே உரிய திருச்சிக் கறுப்பு என்னும் செம்மறியைப் பார்க்கும் வெளியூரார், இவ்வெயிலில் இக்கறுப்பு மயிர் எதற்கு என்று இரங்குவர். கதிரவன் வெப்பம் மயிரின் நுனியைத்தான் முதலில் சுடும். இடையில் அடைபட்ட காற்று அவ்வெப்பத்தை எளிதில் தோலுக்கு விடாது. எனவே கடுங்கோடையில் ஆட்டையோ, அடர்ந்த மயிருள்ள நாயையோ ஒட்ட மழித்து வெயிலில் விடுவது இரக்கமாகாது. கோடைக்கு முன்பே கத்தரித்து, ஓரளவு மயிர் மீண்டும் வளர விடுவதே முறை.

இனி, மிக முக்கியமான செய்திக்கு வருவோம். நீர் ஆவியாக வேண்டுமாயின் அதை ஏற்கும் உலர்ந்த காற்று வேண்டும். ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட துணி உலர்வதில்லை அன்றோ? நாற்புறமும் சுவர் எழுப்பித் தகரம் வேய்ந்த கொட்டகையில் முப்பது ஆடுகளை நண்பகலில் அடைத்தால், அவற்றின் மூச்சும் சிறுநீரும் சேர்ந்து உள்ளே ஐப்பசியை உண்டாக்கிவிடுகின்றன. வெப்பம் மட்டும் சித்திரையினுடையது. ஆடுகள் இரைக்கின்றன, ஆனால் ஈரம் ஆவியாகவில்லை. இதைக் கண்டு, குளிரட்டும் என்று உள்ளே நீர் தெளித்துக் கதவையும் சாத்தினால் தீங்கு இருமடங்காகும். தெளிப்பு நன்மை தருவது காற்றோட்டம் உள்ள இடத்தில் மட்டுமே.

வியப்பு என்னவெனில், இவ்வுண்மையைப் பெரம்பலூர் உழவர் நன்கு அறிவர். சின்ன வெங்காயத்தைச் சேமிக்கும் பட்டறையை அவர்கள் தரையிலிருந்து உயர்த்தி, அடியிலும் பக்கங்களிலும் காற்றுப் புகுமாறு அமைத்துக் கீற்று வேய்கிறார்கள். வெங்காயத்துக்குத் தரும் காற்றை ஆட்டுக்கும் தருவது அரிதன்று. கொட்டகைச் சுவர் இடுப்பளவோடு நிற்கட்டும். மேலே வலையோ மூங்கிற் பிளாச்சோ போதும். தகரக் கூரையாயின் அதன்மேல் சோளத்தட்டையோ தென்னங்கீற்றோ பரப்பலாம், சுண்ணாம்பாவது பூசலாம். எல்லாவற்றினும் மேலானது வேம்பு அல்லது புங்கமர நிழல். இலைகளும் நீரை ஆவியாக்குகின்றன. ஆதலால் தகரத்தைப் போல் அவை தாமே சூடேறி நம்மேல் அனல் வீசுவதில்லை.

குளிர்நாட்டு உயிர்களை ஆசைக்காக வளர்ப்போர் இன்று பெருகியுள்ளனர். ராசபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாய்கள் ஒட்டிய மயிரும் நீண்ட முகமும் உடையவை. முகம் சப்பையான பக் நாய்க்கோ மூச்சுவழி குறுகியது. இரைப்பதே அதற்குப் பெரும்பாடு. ஐரோப்பாவில் முயல் வேட்டைக்காகப் பழக்கப்பட்ட பெர்ரெட் என்னும் சிறு விலங்கு, நம் நீலகிரி மரநாய்க்கு உறவு. வேர்க்க இயலாத அவ்வுயிருக்கு 30 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. அதை வளர்ப்போர், உறைந்த நீருள்ள புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டில் வைப்பர். அதை அணைத்துக்கொண்டு அது படுத்திருக்கும். நம் வீடுகளில் முயல் வளர்க்கும் மாணவர்களுக்கும் இம்முறை பயன்படும். முயலின் நீண்ட செவிகள் கேட்பதற்கு மட்டும் அமைந்தவை அல்ல. அவற்றின் இரத்தக் குழாய்கள் வழியே உடலின் வெப்பம் வெளியேறுகிறது. காற்றே உடலினும் சூடானால் அச்செவிகளாலும் பயனில்லை.

வெப்பத் தாக்குதலின் அடையாளங்களை அறிந்திருங்கள். நாயின் நாக்கும் ஈறும் கடுஞ்சிவப்பாகும், உமிழ்நீர் கெட்டியாகும், நடை தள்ளாடும், வாந்தியும் வரலாம். உடல் வெப்பம் 41 டிகிரியைக் கடந்தால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் குளிர்ந்த நீரை மேன்மேலும் ஊற்றி விசிற வேண்டும். ஈரச் சாக்கால் போர்த்தி விடுவது தவறு. சற்று நேரத்தில் அதுவே சூடேறிக் காற்றைத் தடுத்துவிடும். மயங்கிய உயிரின் வாயில் நீர் புகட்டவே கூடாது. நீர் நுரையீரலுக்குள் சென்றுவிடும். குளிர்வித்த பின்னரே கால்நடை மருத்துவரிடம் செல்லப் புறப்பட வேண்டும்; வழியிலும் காற்றுப் படட்டும். எழுந்து நடந்துவிட்டது என்பதற்காக மருத்துவரை விட்டுவிடலாகாது. சிறுநீரகக் கேடு இரண்டு மூன்று நாள் கழித்தும் வெளிப்படும்.

மாட்டுக்குத் தீனியிலும் வெப்பம் பிறக்கிறது. உண்ட வைக்கோல் அதன் பெருவயிற்றில் நொதிக்கும்பொழுது உடல் உள்ளிருந்தே சூடேறுகிறது. உண்ட சில மணி நேரத்தில் அச்சூடு உச்சம் அடையும். காலை ஒன்பது மணிக்கு வயிறு நிறைய வைக்கோல் தின்ற மாடு, உச்சி வெயிலில் இருபுறமும் வேகிறது. ஆகையால் பகலில் கிடைக்கும் பசுந்தீவனத்தைச் சிறிது தந்து, வைக்கோலையும் தட்டையையும் பொழுது சாய்ந்த பின்னரே போடுக. தொட்டியில் நீர் இரவிலும் இருக்கட்டும்.