குதிரைக்கு வால் போச்சு!

குமாரலிங்கபுரம் - இந்தப் பெயரில் எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கு, மா, ர, லி, ங், க, பு, ர, ம். மொத்தம் 9. தமிழ் வாத்தியாராக இருந்தால் "சபாஷ்" என்று முதுகில் தட்டுவார்.

கம்ப்யூட்டர் தட்டாது. அதன் கணக்கில் 15! 'க' தனி, அதன் உகரக் குறி தனி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்குக் கூடத் தனி டிக்கெட். சரி, இங்கிலீஷில் எழுதிவிடலாம் என்றால் 16. தமிழ்ப் பெயரையே இன்டர்நெட் முகவரியாக்கி, அதைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால்... மூச்சைப் பிடித்துக் கொள்ளுங்கள்... 135! ஒவ்வொரு குறியையும் மூன்று பைட்டாக உடைத்து, ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சதவிகிதக் குறியும் இரண்டு எழுத்தும் போட்டு அனுப்புகிறது. பதினைந்தை ஒன்பதால் பெருக்கிக் கொள்ளுங்கள்.

"இதெல்லாம் எனக்கெதுக்கு ஸார்?" என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். காசு சம்பந்தப்பட்ட சமாசாரம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசலில் மழையை நம்பி விளைவது குதிரைவாலி. குமாரலிங்கபுரத்தில் என் தாய்மாமா அதைக் குத்தி அரிசியாக்கி, ஒரு கிலோ பாக்கெட் போட்டு நெட்டில் விற்கிறார். மகன் வேர்ட்பிரஸ்ஸில் வெப்சைட் போட்டுக் கொடுத்து, 'குமாரலிங்கபுரம் குதிரைவாலி அரிசி' என்று அழகாகத் தலைப்பு வைத்தான். தலைப்பிலிருந்து பக்க முகவரியை அந்த சாஃப்ட்வேரே தயார் பண்ணிவிடும். ஆனால் 200-க்கு மேல் போனால் கத்தரித்துவிடும். ஊர் பெயர் 135, நடுவில் ஒரு கோடு 1, ஆக மிச்சம் 64. அதில் ஏழு குறிதான் நுழையும். முகவரி எப்படி வந்தது தெரியுமா? 'குமாரலிங்கபுரம்-குதிரைவ'!

"என்ன மாப்ளே, நான் முழுக் குதிரையைக் குடுத்தா, வாலை வெட்டிட்டு நிப்பாட்டிருக்கான்?" என்றார் மாமா. அதற்குள் அந்த முகவரிக்கான கட்டத்தை அச்சடித்து ஐநூறு பாக்கெட்டில் ஒட்டியாகிவிட்டது.

அடுத்த கண்டம் விளம்பரம். கூகுள் தேடலில் வரும் விளம்பரத்துக்குத் தலைப்பு 30 எழுத்து, விளக்க வரி 90 எழுத்து. வெப்சைட் பெயருக்குப் பின்னால் முகவரி மாதிரி காட்டிக்கொள்ள இரண்டு அறை, அறைக்கு 15 எழுத்து. (2016-க்கு முன்னால் தலைப்பே 25 எழுத்துதான். இப்போது தாராளம்!) மாமாவின் தலைப்பு 32. இரண்டு எழுத்து உதைக்கிறது. விளம்பரம் போட்டுத் தர வந்த ஆசாமி ஒரு யோசனை சொன்னார். ஊர் பெயரைக் 'கே.புரம்' என்று சுருக்கலாம், விளம்பரத்துக்குப் பொருந்துகிற மாதிரி பக்க முகவரியையும் அப்படியே மாற்றிவிடலாம் என்று.

மாமாவுக்கு வந்ததே கோபம்! "பத்திரத்துல, ரேஷன் கார்டுல எல்லாம் முழுசா இருக்க ஊரு. இவருக்கு இடம் பத்தலைன்னா வெட்டுவாராக்கும்?"

மாமா கட்சிதான் நானும். காரணம் பாசம் மட்டுமில்லை. விளம்பரத்தில் தெரிகிற முகவரியும் பக்கத்தின் நிஜ முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கூகுள் கேட்கவே இல்லை. வெப்சைட் பெயர் மட்டும் பொருந்தினால் போதும். அந்த இரண்டு அறையும் வெறும் பெயர்ப் பலகை. அப்படி ஒரு பக்கம் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. நிஜ முகவரி 2048 எழுத்து வரை நீளலாம்.

பழைய வியாபாரிகளுக்கு இது புதிதில்லை. அவர்கள் லெட்டர்ஹெட்டைப் பாருங்கள். முழு விலாசத்துக்குப் பக்கத்தில் 'தந்தி:' என்று போட்டு ஒற்றைச் சொல் இருக்கும். தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால், சுருக்கு விலாசம் ஒன்றைத் தந்தி ஆபீஸில் பதிந்து வைப்பார்கள். அதற்காகக் கடை வாசலில் இருந்த போர்டை யாரும் அறுத்ததில்லை. 2013 ஜூலையில் தந்தி போய்விட்டது. புத்தி மட்டும் ஏன் போக வேண்டும்?

அதற்காக ஊர் பெயரைத் தலைப்பிலேயே தூக்கி வைக்கவும் நான் சம்மதிக்கவில்லை. சென்னையில் சர்க்கரை நோய்க்குச் சிறுதானியம் தேடுகிற மாமி, குமாரலிங்கபுரம் என்றா தட்டுவார்? தட்டினாலும் இதே மாவட்டத்து இ.குமாரலிங்கபுரம்தான் முன்னால் வந்து நிற்கும். 2023-ல் அறிவித்த 'பி.எம். மித்ரா' ஜவுளிப் பூங்கா, ஆயிரம் ஏக்கருக்கும் மேலே! அதோடு மல்லுக்கட்ட மாமாவால் ஆகுமா? தலைப்பில் 'குதிரைவாலி அரிசி' மட்டும் வைத்தோம். 16 எழுத்து, சௌகரியமாக உட்கார்ந்தது.

பி.காம். படித்தவனுக்கு இதில் ஒரு கணக்கு தெரிகிறது. விளம்பரம் வருவாய்ச் செலவு. பணம் நின்ற நிமிஷம் விளம்பரமும் நிற்கும். முகவரி மூலதனச் செலவு. ஒருமுறை போட்டால் வருஷக்கணக்கில் ஆளைக் கூட்டி வரும். தினச் செலவுக்காக மூலதனத்தில் கைவைப்பதா? வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, முகவரிகளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள் என்று 1998-லேயே தனிக் கட்டுரை எழுதிவிட்டார்.

முகவரியில் ஊரும் பொருளும் இருந்தால் தேடலில் முதலிடம் கிடைக்கும் என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம். அதற்குப் பலன் அதிகமில்லை என்று கூகுளின் குறிப்பே சொல்கிறது. பார்க்கிற மனுஷனுக்கு 'இது அதுதான்' என்று புரிகிறதே, அதுதான் லாபம்.

ஆகவே இங்கிலீஷ் எழுத்தில், நடுவே சிறு கோடு போட்டு, குதிரைவாலி முன்னே ஊர் பின்னே என்று ஒரு முகவரி. வாலறுந்த பழைய முகவரிக்கு வருகிறவர்களை இங்கே திருப்பிவிட '301' என்று ஓர் ஏற்பாடு உண்டு. வீடு மாறினால் தபால்காரர் புது வீட்டுக்குக் கடிதம் கொண்டு வருவாரே, அந்த மாதிரி. ஐநூறு பாக்கெட்டும் பிழைத்தது.

ஸ்பெல்லிங்தான் தலைவலி. குதிரைவாலியை இங்கிலீஷில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். சர்க்காரே 2020-ல் 1,018 ஊர்களுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாற்றி உத்தரவு போட்டு, சில நாளிலேயே வாபஸ் வாங்கியது. நாம் எம்மாத்திரம்? முகவரியில் ஒரே ஸ்பெல்லிங், விளம்பரத்துக்கான தேடுசொல் பட்டியலில் எல்லா ஸ்பெல்லிங்கும் என்று முடித்தோம்.

மிச்சம் அந்த இரண்டு அறை. இங்கிலீஷில் ஊர் பெயர் 16 ஆயிற்றே, கடைசி 'எம்' வாசலில் நிற்கும். தமிழில் போட்டோம். முதல் அறையில் குதிரைவாலி, 10. இரண்டாவதில் குமாரலிங்கபுரம், கடைசிப் புள்ளி வரை கச்சிதமாக 15.

மாமா விடவில்லை. "அருப்புக்கோட்டைன்னும் போடு மாப்ளே. இல்லாட்டி இந்த ஊரு எங்க கெடக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

எண்ணிப் பார்த்தேன். அதுவும் சரியாக 15. ஆனால் மூன்றாவது அறை கிடையாது. விளக்க வரியில் 90 எழுத்து காலியாக இருந்ததால், அருப்புக்கோட்டையை அங்கே குடிவைத்தோம்.