அம்பயரை மாற்றும் உரிமை யாருக்கு?

மீஞ்சூருக்குக் கிழக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கு. அது யாருடையது? தமிழ்நாடு அரசின் மின் நிறுவனத்துடையது. அங்கிருந்து சாம்பல் போகிற குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்தால் தட்டிக்கேட்க வேண்டியது யார்? தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அந்த வாரியத்தின் தலைவரை நியமிப்பது யார்? தமிழ்நாடு அரசு.

முதல் பதிலையும் மூணாவது பதிலையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. மேட்ச் ஆடுற டீமே அம்பயரையும் போடுது. சாம்பல் படிஞ்ச ஆற்றில் இறாலுக்கும் நண்டுக்கும் இறங்குறவங்களுக்கு இது வெறும் சட்டப் புத்தகக் கேள்வி இல்லை.

சட்டமன்றம் சட்டம் போடும், அரசு அதை நடைமுறைப்படுத்தும், நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும். அதிகாரப் பிரிவினைன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம். ஆனா ஒரு புகைபோக்கியிலிருந்து எவ்வளவு கந்தக டை ஆக்சைடு வரலாம் என்பதைச் சட்டமன்றம் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. அதுக்காக வந்தவைதான் ஒழுங்குமுறை அமைப்புகள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம், செபி, டிராய் எல்லாம் இந்த வகை. வரம்பு வைக்கும், அனுமதி தரும், மீறினால் நடவடிக்கையும் எடுக்கும். மூணு தூணோட வேலையிலும் கொஞ்சம் கொஞ்சம் இவங்க கையில் இருக்கு. அதனால்தான் இவங்களோட கயிறு யார் கையில் என்பது பெரிய கேள்வி.

அமெரிக்காவில் இந்தச் சண்டை ரொம்பப் பழசு. 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட், கொள்கை ஒத்துவரவில்லை என்பதற்காக ஃபெடரல் டிரேட் கமிஷன் உறுப்பினர் ஹம்ஃப்ரியை நீக்கினார். சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் நீக்க முடியாது என்று 1935-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் ட்ரம்ப் அதே கமிஷனின் உறுப்பினர் ஸ்லாட்டரை நீக்க, வழக்கு மறுபடியும் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதிபர் தரப்பு வாதம் இதுதான்: மக்கள் ஓட்டுப் போட்டது அதிபருக்கு, ஓட்டு வாங்காத அதிகாரி அவருக்குக் கட்டுப்படாமல் வேறு யாருக்குப் பதில் சொல்வார்?

இந்த வாதத்தை லேசா ஒதுக்கிட முடியாது. யாருக்கும் பதில் சொல்லாத அதிகாரியும் ஆபத்துதான். அதனால் 'சுதந்திரமா, இல்லையா' என்று ஒரே வார்த்தையில் கேட்காமல், நாலு கேள்வியாகப் பிரிச்சுக்கலாம். யார் நியமிக்கிறார்கள்? யார் நீக்கலாம்? பதவிக்காலம் எவ்வளவு? மேலிடத்து உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டுமா?

முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் படிங்க. தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது மாநில அரசு. பதவிக்காலம் 3 ஆண்டு. விளக்கம் கேட்டுவிட்டு இடையிலேயே நீக்கவும் அரசால் முடியும். மாநில அரசு எழுத்தில் தரும் உத்தரவுக்கு வாரியம் கட்டுப்பட்டாக வேண்டும் என்று 18-ஆவது பிரிவு சொல்லுது. அதோட, மாநில அரசு நிறுவனங்களின் சார்பில் 2 பேருக்கு வாரியத்திலேயே இடம் உண்டு. விவசாயம், மீன்பிடிப்பு, தொழில், வணிகம் இவற்றுக்கெல்லாம் சேர்த்து அதிகபட்சம் 3 இடம். மீனவருக்குன்னு தனி இடம் உறுதி இல்லை. தலைவர் பதவிக்கான தகுதிகளை விதியாகவே எழுதச் சொல்லி மாநிலங்களுக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

நாலு கேள்வியில் மூணுக்கு ஒரே பதில்: அரசு.

அடுத்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். 2010 சட்டப்படி வந்தது; தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கு. வாரியத்தின் உத்தரவை எதிர்த்து இங்கேதான் மேல்முறையீடு. எண்ணூர் சாம்பல் பிரச்சினையில் மீனவர்கள் வந்து நின்றதும் இங்கேதான். தொடக்கத்தில் உறுப்பினர்களுக்கு 5 ஆண்டுப் பதவிக்காலம் இருந்தது. தலைவரையும் நீதித்துறை உறுப்பினர்களையும் நீக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் விசாரணை தேவைப்பட்டது. வாரியத்தைவிட எவ்வளவு கெட்டியான வேலி!

அந்த வேலியைத்தான் ஒன்றிய அரசு திரும்பத் திரும்ப அசைத்துப் பார்த்தது. 2017 நிதிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் பல தீர்ப்பாயங்களின் பதவிக்காலத்தை 3 ஆண்டாகக் குறைத்தன. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. அடுத்த விதிகளில் 4 ஆண்டு. மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில், 5 ஆண்டு ஆக்குங்கள் என்று 2020-இல் நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரலில் அவசரச் சட்டம், மறுபடி 4. ஜூலையில் அதுவும் ரத்து. ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தீர்ப்பாயங்கள் சீர்திருத்தச் சட்டம், அதிலும் அதே 4. ஒரு காலியிடத்துக்கு 2 பேர் கொண்ட பட்டியல் வேண்டும், அதில் யார் என்பதை அரசு முடிவு செய்யும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. 2025 நவம்பர் 19 அன்று இவற்றையும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

நாலுக்கும் அஞ்சுக்கும் இவ்வளவு சண்டையா என்று தோணலாம். பதவி சீக்கிரம் முடிகிறவர் மறுநியமனத்துக்குக் காத்திருப்பார். மறுநியமனம் தருவது அரசு. தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பில் அடிக்கடி நிற்பதும் அரசு.

இப்போ பழவேற்காட்டுக் கரைக்கு வாங்க. காட்டுப்பள்ளி துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்திடம் போனது. 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,100 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தை ஏரியை நம்பி வாழும் மீனவக் கிராமங்கள் எதிர்க்கின்றன. 2021 ஜனவரி 22-க்கு அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5-க்கு அறிவித்ததும் நடக்கவில்லை. இப்படி ஒரு கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை வகிப்பது மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி. திட்டத்தைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவை அமைப்பதும், கடைசி முடிவு எடுப்பதும் டெல்லியில் உள்ள ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம். பாதிப்பு அறிக்கையை எழுதும் ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் தருவது திட்டத்தைக் கொண்டுவரும் கம்பெனி. நாலு கேள்வியை இங்கேயும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்க.

இதே ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை இருக்கு. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் பிரிச்சுக்குவாங்க. பாடு உரிமை இல்லாதவர்களுக்கு அதில் இடமில்லை என்ற குறையும் உண்டு. ஆனா உள்ளே இருப்பவர்களுக்குள் நல்ல இடத்தைத் தனக்குத்தானே யாரும் எழுதிக்க முடியாது. லாபம் அடைகிறவர் கையில் முடிவு இருக்கக் கூடாது என்பதற்கு ஏரிக்கரையில் தனிப் பாடம் தேவைப்படவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரணும், திட்டச் சுருக்கம் தமிழிலும் இருக்கணும், கூட்டம் முழுக்க வீடியோவில் பதிவாகணும். இது 2006 அறிவிக்கையில் இருக்கும் உரிமை. அடுத்த அறிவிப்பு வரும்போது அந்தச் சுருக்கத்தை வாங்கிப் படிச்சு, எழுத்தில் கருத்து அனுப்புங்க. சிவில், கெமிக்கல் படிக்கிறவங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நாளைக்கு அந்த அறிக்கையின் அட்டவணைகளை நிரப்பும் வேலை நம்மில் சிலருக்கு வரும். ஆற்றுத் தண்ணீரில் அளந்த எண்ணை அப்படியே எழுதும் தைரியம் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வர, அவர் வேலை யார் கையில் இருக்கு என்பதைச் சட்டம் முன்கூட்டியே சரிசெய்து வைத்திருக்கணும்.